பாட்டும் கதையும் மட்டும் போதுமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிலைத் திங்கள் (மார்கழி). நீலமலையின் குந்தா வட்டத்துப் பிக்கட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உறைபனி கடுமையாக இறங்கியிருந்தது. விடியலில் புல்வெளியெல்லாம் உப்பைப் பரப்பினாற்போல் வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும், பனிபட்ட தேயிலைக் கொழுந்துகள் தீப்பட்டவைபோற் கருகின. அன்று ஒன்பதாம் வகுப்பில் யாம் பெரும்பொழுது ஆறனையும் நடத்திக் கொண்டிருந்தோம். முன்பனிக்கு மார்கழியும் தையும், பின்பனிக்கு மாசியும் பங்குனியும் எனக் கரும்பலகையில் எழுதி, அவை எந்நிலத்திற்கு உரியவை என்பதையும் விளக்கி முடித்த வேளையில், ஒரு மாணவன் எழுந்தான். வீட்டில் படுகு பேசும் பிள்ளை. தமிழ்வழியே உலகை அறிய வந்தவன்.

“ஐயா, எங்கள் தோட்டம் மேட்டிலே இருக்கிறது, தப்பிவிட்டது. மாமன் தோட்டம் கீழே பள்ளத்திலே இருக்கிறது, முழுதும் கருகிவிட்டது. மேலே போகப் போகத்தானே குளிர் கூடும்? அப்படியானால் கீழே உள்ளது ஏன் ஐயா கருகியது?” என்றான்.

எமக்கு விடை தெரியவில்லை. பனியைக் குறிக்கும் பழஞ்சொற்களையெல்லாம் யாம் அறிவோம். அவற்றுள் எது எப்பாட்டில் ஆளப்பெற்றுள்ளது என்பதும் அறிவோம். ஆனால், அந்தப் பனி ஏன் பள்ளத்தைத் தேடிச் சென்றது என்பதனை அறியோம். “அஃது இயற்கையின் போக்கு” என்று ஏதோ சொல்லி அவனை அமரச் செய்தோம். மணியடித்தபின் தாழ்வாரத்தில் அவன் தன் தோழனிடம் கூறியது எம் செவியில் விழுந்தது: “தமிழையாவுக்கு அது தெரியாதடா. அதெல்லாம் இங்கிலீசில் படித்தவர்களுக்குத்தான் தெரியும்.”

எமக்குத் தெரியாது என அவன் சொன்னது உண்மை. அதற்கு யாம் வருந்தவில்லை. ஆனால், எம் அறியாமையை அவன் தமிழின் இயலாமையாகக் கணக்கெழுதிவிட்டான். மேடைதோறும் முழங்கி யாம் தேடிய நன்மதிப்பை, ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் எம் சோம்பலாலேயே யாம் இழந்தோம். அவ்விரவு உறக்கம் கொள்ளவில்லை.

அடுத்த கிழமை உதகைக்குச் சென்று, காலநிலை பற்றித் தமிழில் எழுதப்பெற்ற பழைய கல்லூரிப் பாடநூல் ஒன்றைத் தேடிப் பெற்று வந்தோம். முதல் மூன்று இரவுகள் ஒன்றும் விளங்கவில்லை. இலக்கண நூலுக்கு உரைகண்டு பழகிய கண், வெப்பக் கதிர்வீச்சுக்கும் காற்றடர்த்திக்கும் முன் தடுமாறியது. நான்காம் இரவு சிறிது வெளுத்தது. செய்தி இதுதான்: முகிலற்ற, காற்றசையாத இரவில், பகலில் தான் வாங்கிய வெப்பத்தை நிலம் வான்வெளிக்கு விட்டுவிடுகிறது. முகில் இருப்பின் அது போர்வைபோல் நின்று அவ்வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். முகில் இல்லாதபோது நிலமும் அதனைத் தொட்டுள்ள காற்றும் விரைந்து குளிர்கின்றன. குளிர்ந்த காற்று எடை மிக்கது. ஆகலின், நீரைப் போலவே அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேடு தப்புவதும் பள்ளம் கருகுவதும் இதனால்தான்.

மறுநாள் வகுப்பில் இதனைத் தூய தமிழிலேயே விளக்கினோம். அம்மாணவன் சற்றுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால், பள்ளத்தின் கீழ்ப்புறம் அடர்ந்திருக்கும் புதரை வெட்டிவிட்டால் குளிர்காற்று வடிந்துவிடுமா ஐயா?” என்று கேட்டான். குளிர்காற்றுக்கு வடிவழி விடுதல் உறைபனியைத் தணிக்கும் முறைகளுள் ஒன்று. அதனை அவன் எந்நூலிலும் படிக்கவில்லை. தமிழில் கேட்டதைக்கொண்டு தமிழிலேயே எண்ணிக் கண்டுகொண்டான். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆசிரியப் பணியில் அந்த ஒரு வினாவைப்போல் எம்மை மகிழ்வித்தது வேறில்லை.

தோழர்களே! இதனை எம் பெருமைக்காக எழுதவில்லை. நம் எல்லார்க்கும் பொதுவான ஒரு குறையைச் சுட்டவே எழுதுகின்றோம். தமிழ்ப்பற்றாளர் இல்லங்களுக்கு யாம் செல்லும்போதெல்லாம் முதலில் நோக்குவது நூற்பேழையைத்தான். என்ன காண்கின்றோம்? இலக்கணம், இலக்கியம், அவற்றின் உரை, உரைக்கு உரை, தலைவர்தம் சொற்பொழிவு, சில புதினங்கள், பாட்டுத் தொகுப்புகள். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், அப்பேழையில் நிலநூல் உண்டா? உடலியல் உண்டா? மண்ணைப் பற்றி, மின்னாற்றலைப் பற்றி, வணிகத்தைப் பற்றி, சட்டத்தைப் பற்றி, பறவையைப் பற்றி ஒரு நூலேனும் உண்டா? நூற்றில் தொண்ணூறு இல்லங்களில் இல்லை என்றே அஞ்சுகின்றோம். எம் பேழையும் அந்தப் பனிக்காலம் வரை அப்படித்தான் இருந்தது.

மலைப்புறத்து நூலகம் ஒன்றில், அறிவியல் நூல்களின் பின்னட்டையில் ஒட்டியுள்ள நாட்குறிப்புத் தாளைப் புரட்டிப் பார்த்தோம். புதினங்களின் தாளில் இடமில்லாமல் மேலொரு தாள் ஒட்டியிருந்தனர். அறிவியல் நூல்களின் தாளிலோ ஒன்றிரண்டு முத்திரைகளே இருந்தன. சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதனார் கணக்காசிரியராக இருந்தவர். 1924 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். தமக்குப் புதிதான அத்துறையைக் கற்று, அதிலேயே உலகம் போற்றும் ஆசானாக உயர்ந்தார். 1931 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளின் உள்ளீடு, நூல் காவலுக்கன்று, பயனுக்கே என்பதாகும். இந்திய மாநிலங்களுள் முதன்முதல் பொதுநூலகச் சட்டம் கண்டதும் 1948 ஆம் ஆண்டில் நம் சென்னை மாநிலமே. சட்டம் செய்தோம், நூலகம் கட்டினோம், நூலை மட்டும் தொடவில்லை.

தமிழில் நூலே இல்லையே என்பார் உளர். இது பொய். 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை, வேதியியல் ஆகிய துறைகளில் தமிழ்நூல்களை ஆக்கினார், ஆக்குவித்தார். அவர் கையாண்ட நடையில் வடசொல் மிகுதி. அதனை நாம் இன்று ஏற்கமாட்டோம். ஆனால், தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்னும் வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே செயலால் விடை தந்தவர் ஓர் அயலார் என்பதனை நாம் மறக்கலாமா?

அவினாசிலிங்கனார் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அடுத்துக் குழந்தைகளுக்கெனவும் ஒரு கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக 1976 அளவில் நிறைவுற்றது. 1948 முதல் கோவையிலிருந்து கலைக்கதிர் என்னும் இதழ் அறிவியலைத் தமிழில் பரப்பியது. பெ. நா. அப்புசுவாமி தம் நெடிய வாழ்நாளில் பெரும்பகுதியை அறிவியலைத் தமிழில் எழுதுவதற்கே செலவிட்டார். 1960களிலும் 1970களிலும் தமிழ்வழிக் கல்லூரிக் கல்விக்கென இயற்பியல், வேதியியல், நிலநூல், பொருளியல், மெய்யியல் எனப் பல துறைகளில் அரசு சார்பில் பாடநூல்கள் வெளிவந்தன. ஆங்கிலவழி பெருகப் பெருக அவற்றைக் கேட்பார் அருகினர். இன்று அவற்றுள் பலவும் கலைக்களஞ்சியமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன, கைப்பேசியில் படிக்கலாம். நூல் இல்லை என்பதன்று குறை. நூலை நாடுவார் இல்லை என்பதே குறை.

கலைச்சொல் பற்றி நாம் ஓயாது பேசுகின்றோம். ஒரு சொல்லைப் படைத்து அகரமுதலியில் ஏற்றிவிட்டால் அது வாழும் என எண்ணுகின்றோம். சொல் அகரமுதலியில் வாழ்வதில்லை. படிப்பவன் கண்ணிலும், பேசுபவன் வாயிலும், தொழில் செய்பவன் கையிலுமே வாழ்கின்றது. வேதியியல் நூலையே தொடாத நாம் வேதியியற் சொற்களுக்காக வழக்காடுவது, சமைக்காத வீட்டில் ஏனங்களைத் துலக்கி அடுக்குவது போன்றது. மேலும், துறையறிவின்றிச் சொல் படைக்கப் புகுவாரால் தமிழுக்கு ஊறே விளையும். பொருளின் இயல்பு அறியாதவன் அதற்கு இடும் பெயர் பொருந்தாது.

தனித்தமிழின் தந்தை மறைமலையடிகள் இதில் நமக்கு வழிகாட்டியாக விளங்குகின்றார். அடிகள் சங்க நூலும் சிவனியமும் மட்டும் கற்றவர் என நம்மிற் பலர் எண்ணுகின்றனர். பல்லாவரத்தில் அவர் தொகுத்து வைத்திருந்த நூல்கள் ஏறத்தாழ நாலாயிரம். அவற்றில் ஆங்கில நூல்கள் மிகுதி. உடல்நலம், உளநூல், வரலாறு, மாந்தவியல் என அவர் புகாத துறை அரிது. ‘அறிதுயில்’ பற்றி எழுதினார், ‘தொலைவிலுணர்தல்’ எழுதினார், ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ எழுதினார். அவர் கொண்ட முடிபுகள் எல்லாவற்றையும் இன்றைய அறிவியல் ஒப்பும் என்பதற்கில்லை. ஆனால், தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் தமக்குரிய வேலியைத் தாண்டிச் சென்று, கற்றுவந்ததைத் தமிழில் தந்த துணிவே இங்குக் கருதத்தக்கது. அந்நூல்தொகுதியே 1958 ஆம் ஆண்டில் சென்னையில் திறக்கப்பெற்ற மறைமலையடிகள் நூலகத்திற்கு அடிப்படையாயிற்று. அடிகளின் படத்தை மாட்டி வைக்கும் நாம், அடிகளின் படிப்பை ஏன் மாட்டிக்கொள்ளவில்லை?

அயன்மொழி நூலைப் படிப்பது நம் கொள்கைக்கு மாறன்றோ என இளந்தோழர் சிலர் வினவுகின்றனர். மாறன்று. அயன்மொழிச் சொல்லைத் தமிழிற் கலப்பதே மாறு. அயன்மொழியிலுள்ள அறிவைத் தமிழுக்குக் கொணர்வது கடன். மொழிஞாயிறு பாவாணர் பன்மொழி நூல்களையும் துருவித் துருவிக் கற்றதனாலன்றோ தமிழின் தொன்மையை நிலைநாட்ட முற்பட்டார்?

எம் நீலமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1901, 1902 ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேய அறிஞர் இரிவர்சு இங்கு வந்து தொதவரிடையே தங்கி ஆய்ந்து, 1906 ஆம் ஆண்டில் எழுநூறு பக்கத்தைக் கடந்த ஒரு நூலை வெளியிட்டார். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் ஆய்வு செய்த எமனோ, தொதவர், கோத்தர் ஆகியோரின் மொழிகளைச் செவியாற் கேட்டுக் குறித்துக்கொண்டார். பின்னர் 1961 ஆம் ஆண்டில் பரோவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட திரவிட மொழிகளின் வேர்ச்சொல் அகரமுதலியில் அம்மலைமொழிச் சொற்கள் தமிழ்ச் சொற்களுக்கு அருகே நிற்கின்றன. தமிழின் வேர்களைப் பற்றி நாள்தோறும் பேசும் நம்மில் எத்தனை பேர் ஒரு கோத்தர் ஊருக்குள் சென்று ஒரு சொல்லைக் கேட்டு எழுதியுள்ளோம்? பிலோ இருதயநாத் போன்ற ஒருசிலர் மலைமக்களிடையே நடந்து திரிந்து தமிழில் எழுதினர். அவர் நூல்களையேனும் நாம் படித்தோமா?

இனி, படிப்பு உயிரைக் காக்கும் இடமும் உண்டு. 2009 ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் நீலமலையில் நிலம் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அவலாஞ்சி என்னும் அப்பெயரே பண்டு அங்கு நேர்ந்த ஒரு பெருஞ்சரிவால் ஆங்கிலேயர் இட்ட பெயர். அதனை நாள்தோறும் சொல்லுகின்றோம். அதன் பொருளை எண்ணுவதில்லை. மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தும்போது மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. சரிவின் அடியை வெட்டி வீடு கட்டுவதும், இயற்கையான நீர்வழியை அடைப்பதும் அத்தளர்ச்சியைக் கூட்டுகின்றன. மரம் புதிதாகச் சாய்தல், தரையிலும் சுவரிலும் வெடிப்பு விரிதல், இதுவரை இல்லாத இடத்தில் கலங்கல்நீர் ஊறுதல் ஆகியன முன்னறிகுறிகள். இவ்வளவையும் ஓர் எளிய நிலநூல் கற்பித்துவிடும். வீட்டின் பின்னால் நிற்கும் மலையைப் படிக்கத் தெரியாதவன், மலைபடுகடாம் படித்து என்ன பயன் என்று யாரேனும் கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? மலைபடுகடாமும் வேண்டும்; மலைநூலும் வேண்டும் என்பதே எம் விடை.

சட்டமும் அத்தகையதே. இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பலர், 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாத்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்க்கப்பெற்றோரும் அவர்தம் வழியினரும் ஆவர். அதற்கு முன்பே 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியிருந்தது. சட்டநூலைக் கற்றிருந்தால் அக்கொடுமையைத் தடுத்திருப்பார்கள் என யாம் சொல்ல வரவில்லை. அன்றும் எதிர்த்துப் போராடியோர் இருந்தனர். ஆனால், தம் வாழ்வைப் புரட்டிப்போட்ட தாளில் என்ன எழுதியிருந்தது என்பதே தெரியாமல் பல்லாயிரவர் கைந்நாட்டு வைத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கேனும் குடியுரிமை என்றால் என்ன, நிலப்பட்டா என்றால் என்ன, கூலிச் சட்டம் என்ன சொல்கிறது என்பன தமிழில் தெரிய வேண்டாவா? பச்சைத் தேயிலைக்கு இன்று இந்த விலை, நாளை அந்த விலை என்பதனை விதியென்று ஏற்கும் சிறு உழவர், குன்னூர் ஏலம் எவ்வாறு நடக்கிறது என்பதனைப் படித்தறிய வேண்டாவா?

எவ்வாறு தொடங்குவது? எம் பட்டறிவிற் கண்டதைச் சொல்லுகின்றோம்.

முதலாவது, உங்கள் வாயிற்படியிலிருந்து தொடங்குங்கள். குந்தாப் பகுதியில் வாழ்வோர் நீர்மின்னாற்றலைப் பற்றிப் படிக்கலாம். அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்களின் நீர் குகைவழியாக இறங்கி, குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் எனப் படிப்படியாக ஒரே நீர் பலமுறை மின்னாற்றல் தந்து பவானியிற் கலக்கின்றது. கனடா நாட்டின் உதவியுடன் அமைந்த அத்திட்டத்தின் முதல் மின்னிலையம் 1960 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. கண்முன் உள்ள பொருளைப் பற்றிய நூல் விரைவில் விளங்கும். நெய்தல் நிலத்தார் கடலையும், மருத நிலத்தார் மண்ணையும் பற்றித் தொடங்கலாம்.

இரண்டாவது, சிறுவர் நூலிலிருந்து தொடங்க நாணாதீர்கள். புலவர் பட்டம் பெற்றவர் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் புரட்டுவது இழிவன்று. புதுத்துறையில் நாம் எல்லாரும் குழந்தைகளே.

மூன்றாவது, விளங்காத இடத்தில் நின்றுவிடாதீர்கள். குறியிட்டுவிட்டு மேலே செல்லுங்கள். ஒருமுறை முழுதும் படித்தபின் திரும்பிவந்தால் பாதி முடிச்சுகள் தாமே அவிழ்ந்திருக்கும்.

நான்காவது, அத்தொழில் செய்வாரிடம் சென்று வினவுங்கள். தேயிலையைப் பற்றி யாம் நூலிற் படித்ததைவிட, கவாத்துக் கத்தி பிடித்த ஒரு முதியவரிடம் அரைநாள் இருந்து கற்றது மிகுதி. நூலும் தொழிலாளியும் சேர்ந்தே ஆசிரியர். அவர்கள் வாயில் வழங்கும் நல்ல தமிழ்ச் சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் சொல்லாக்கக் குழுக்களுக்குக் கிட்டாதவை அங்குக் கிட்டும்.

ஐந்தாவது, நம் கருத்துக்கு மாறான நூல்களையும் படியுங்கள். நம்மை மறுப்பவனின் சான்றை அறியாமல் நம் சான்றின் வலிமையை அறிய இயலாது. ஆரவாரத்தால் வென்ற வழக்கு அடுத்த மேடையிலேயே தோற்றுவிடும்.

ஆறாவது, படித்ததை ஒரு பக்கமேனும் நல்ல தமிழில் எழுதிப் பாருங்கள். எழுதும்போதுதான் விளங்கியது எது, விளங்காதது எது என்பது தெரியும்.

நேரமில்லை என்பார்க்கு ஒன்று சொல்வோம். நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் போதும். ஓராண்டில் மூவாயிரத்து அறுநூறு பக்கத்திற்கு மேல் ஆகும். நடுத்தர அளவில் பதினைந்து நூல்கள். அவற்றுள் ஐந்தேனும் நீங்கள் இதுவரை தொடாத துறையினவாக இருக்கட்டும். பாட்டையும் கதையையும் விட்டுவிடுக என யாம் சொல்லவில்லை. அவை நெஞ்சை வளர்ப்பன. ஆனால், நெஞ்சோடு கண்ணும் கையும் வளர்ந்தாலன்றோ ஓர் இனம் நிமிர்ந்து நிற்கும்?

அடுத்த இதழ் வெளிவருமுன் அன்பர் ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமில்லாத துறையில் ஒரு தமிழ்நூலைப் படித்து, அதனைப் பற்றி அரைப்பக்கம் எழுதி விடுக்குமாறு வேண்டுகின்றோம். நல்லவற்றை வெளியிடுவோம். மன்றங்கள் நடத்துவோர் திங்கள்தோறும் ஒரு கூட்டத்தையேனும் இலக்கியமல்லாத நூலுக்கென ஒதுக்குக. ஆசிரியராக உள்ளோர் தம் பாடமல்லாத நூல் ஒன்றை எப்பொழுதும் மேசைமேல் வைத்திருங்கள். மாணவர் அதனைக் காணட்டும்.

நாளை உங்கள் வகுப்பிலோ, வீட்டிலோ, தெருவிலோ ஒரு சிறுவன் எழுந்து ஏன் என்று கேட்பான். அவனுக்கு நீங்கள் தரும் விடை உங்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழால் இஃது இயலுமா, இயலாதா என்பதனை அவன் அதைக்கொண்டே முடிவு செய்வான். உடனே விடை தெரியாவிடினும் தாழ்வில்லை. “தெரியவில்லை, தமிழில் நூல் இருக்கிறது, இருவரும் சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அந்நூலை அன்றைக்கே எடுங்கள்.